மாணவர்கள் எடுத்த டீன் ஏஜ் படத்துக்கு விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம் படிக்கிறவர்களும் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்களும் தங்கள் படத்தின் கடைசிக்கட்ட வேலைக்காக எங்களிடம் வருவார்கள். கலர், சவுண்ட் எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் "அடுத்து யாரைப் பார்க்கணும்?" என்ற பேச்சு ஆரம்பிக்கும். பள்ளி, டியூஷன், ஹாஸ்டல், முதல் காதல், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் என்று தங்கள் வயதுக் கதையையே எடுத்திருப்பார்கள். படம் நன்றாகவும் இருக்கும். ஆனால் உரிமை, ஒப்பந்தம், ஏரியா என்றதும் தடுமாறிவிடுவார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, தமிழ்நாட்டில் வெளியாகும் தமிழ்ப் படத்தை மனதில் வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

படம் ரெடி. விநியோகஸ்தர்னு ஒருத்தர் எதுக்கு? நாமளே தியேட்டர்ல பேசிப் போட முடியாதா?

போடலாம். உங்கள் ஊரில் ஒரு தியேட்டர், இரண்டு நாள் காலைக் காட்சி என்றால் வாடகை பேசி நீங்களே போட்டுவிடலாம். அதற்கு விநியோகஸ்தர் தேவையில்லை.

பத்து இருபது தியேட்டர் என்று போகும்போதுதான் அவர் வேண்டும். தியேட்டர்களோடு ஷோ பேசுவது, க்யூப், யு.எஃப்.ஓ. போன்ற டிஜிட்டல் நிறுவனங்கள் வழியாகப் படம் போய்ச் சேர்ந்து குறித்த நேரத்தில் திறக்கிறதா என்று பார்ப்பது, போஸ்டர் ஒட்ட வைப்பது, டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் கணக்கை வாங்குவது எல்லாம் அவர் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தியேட்டரிலிருந்து உங்கள் பங்கை வசூலித்துத் தருவது. அடுத்த மாதமும் அவரிடமிருந்து படம் வேண்டும் என்பதால் தியேட்டர்காரர் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு படம் எடுத்த மாணவருக்கு அந்தப் பிடி கிடையாது.

'ஏரியா, ஏரியா'ன்னு பேசறாங்களே, அது என்ன?

தமிழ்நாட்டை சினிமா வியாபாரத்தில் பழைய மாவட்டக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி தனி. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது என்.எஸ்.சி. கோவையும் சேலமும் தனித்தனி ஏரியாக்கள். திருச்சி, தஞ்சாவூர் சேர்ந்தது டி.டி. மதுரை, ராமநாதபுரம் எம்.ஆர். திருநெல்வேலி, கன்னியாகுமரி டி.கே. வெளிமாநிலம், வெளிநாடு எல்லாம் வேறு வியாபாரம். ஒரே ஆள் எல்லா ஏரியாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே பிரித்துக் கொடுப்பதும் உண்டு, ஏரியாவுக்கு ஒருவராக விற்பதும் உண்டு.

எங்க படத்துக்கு எந்த ஏரியா சரி?

கதை நடக்கிற ஊர், நடித்தவர்கள் படிக்கிற ஊர், அங்கிருந்து அரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஊர்கள். தெரிந்த முகம் இல்லாத படத்துக்கு முதல் மூன்று நாள் கூட்டம் அந்தப் பள்ளி கல்லூரிகளிலிருந்துதான் வரும். திருநெல்வேலியில் எடுத்த படத்தைச் சென்னை மல்டிப்ளெக்ஸில் காலை 10 மணிக்குப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே படத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் காட்சி கிடைத்திருந்தால் கதை வேறு.

அதனால் தமிழ்நாடு முழுக்க ஆள் வைத்திருப்பவரைவிட, உங்கள் ஏரியாவில் தியேட்டர் மேனேஜர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் உங்களுக்குப் பொருத்தம். மற்ற ஏரியாக்களை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஓரிடத்தில் ஓடினால் மற்றவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.

படம் எங்களோடதுதானே? காலேஜ் கேமராவுல எடுத்தோம், அவ்வளவுதான்.

இதை முதலில் தீர்க்காமல் யாரையும் போய்ப் பார்க்காதீர்கள். காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி திரைப்படத்துக்கு ஆசிரியர் என்பவர் தயாரிப்பாளர். இயக்கியவருக்கு அந்த உரிமை தானாக வருவதில்லை. பாடத்திட்டத்தின் பகுதியாக, கல்லூரிப் பணத்தில், கல்லூரிக் கருவியில் எடுத்த படத்துக்குக் கல்லூரியே தயாரிப்பாளர் என்று சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் எழுதியிருக்கலாம். புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களில் டிப்ளமோ படங்களின் உரிமை நிறுவனத்துக்குத்தான். உங்கள் துறைத்தலைவரிடம் கேட்டு, 'வணிக வெளியீட்டுக்கு ஆட்சேபம் இல்லை, உரிமை இன்னாருக்கு' என்று லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது. துறைத்தலைவர் மாறினால் அதுவும் போய்விடும்.

நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்த படம் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள், லாபம் எப்படிப் பிரியும், எல்லோர் சார்பிலும் கையெழுத்துப் போடுவது யார் என்று ஒரு ஒப்பந்தம் வேண்டும். நடித்தவர், இசையமைத்தவர், எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதம். நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்க வேண்டிய கடிதம் இது. விநியோகஸ்தரின் வக்கீல் முதலில் கேட்பதும் இந்தக் காகிதக் கட்டைத்தான்.

எனக்கு 17 வயசு. நான்தான் டைரக்டர், நான்தான் தயாரிப்பாளர். நானே கையெழுத்து போடலாமா?

கூடாது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. பணம் வராவிட்டால் அதை வைத்துக் கேட்பதும் சிக்கலாகிவிடும். அப்பா, அம்மா அல்லது குழுவில் 18 தாண்டிய ஒருவர் தயாரிப்பாளராக இருக்கட்டும். உங்களுக்கும் அவருக்கும் இடையே என்ன புரிதல் என்பதையும் எழுதி வையுங்கள்.

சென்சார் வாங்கிட்டுப் போகணுமா, போயிட்டு வாங்கணுமா?

பேச்சை முன்னாலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் தியேட்டரில் பொதுக்காட்சி போடச் சான்றிதழ் கட்டாயம், தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்கும் தனியாக வேண்டும். சான்றிதழ் கையில் இருந்தால் விநியோகஸ்தர் பேசும் தோரணையே மாறும். சென்சாருக்குப் போகுமுன் தயாரிப்பாளர் சங்கம் அல்லது திரைப்பட வர்த்தக சபை ஒன்றில் தலைப்பைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் படங்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாய், மாடு, கோழி எதையாவது நடிக்க வைத்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி கேட்பார்கள். அதைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். இரண்டாவது, சிகரெட் வரும் காட்சி. திரையில் எச்சரிக்கை வாசகமும், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் விழிப்புணர்வுப் படமும் சேர்க்க வேண்டும். பதின்வயதுக் கதாபாத்திரம் புகைப்பது கதைக்கு அவசியமா என்று எடிட்டிங்கிலேயே ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

எங்களுக்கு யு/ஏ 16+ வரும்னு பயமா இருக்கு. அப்படின்னா பசங்க பார்க்க முடியாதா?

பார்க்கலாம். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டல், வாசலில் தடுப்பதற்கானவை இல்லை. 'ஏ' வந்தால்தான் பிரச்சினை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ளே போக முடியாது. பதினாறு வயதில் அந்தப் படத்தில் நடித்த பிள்ளையே தன் படத்தைத் தியேட்டரில் பார்க்க முடியாமல் போகும். டிவிக்கும் 'ஏ' படத்தை அப்படியே விற்க முடியாது.

எனவே 'ஏ' என்று சொன்னால் எந்த வெட்டுக்கு யு/ஏ கிடைக்கும் என்று கேளுங்கள். அது கதையைக் கெடுக்காது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். கெடுக்கும் என்றால், படத்தை மறுபடி பார்த்து முடிவு சொல்லும் ரிவைசிங் கமிட்டி சென்சாரிலேயே இருக்கிறது. அதற்கு மேலே இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டதால் அடுத்த படி உயர் நீதிமன்றம்தான். மாணவர் குழுவின் பட்ஜெட்டுக்கு அது பெரிய செலவு. விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுக்கும்போது "வேற சர்டிஃபிகேட் வந்தா ஒப்பந்தம் என்ன ஆகும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். சிலர் யு அல்லது யு/ஏ வந்தால்தான் எடுப்போம் என்று நிபந்தனை வைப்பார்கள். அது நியாயமான நிபந்தனைதான்.

படம் 50 நிமிஷம்தான். யாராவது எடுப்பாங்களா?

தியேட்டர் விநியோகஸ்தர் எடுப்பது கடினம். சென்சார் கணக்கில் 72 நிமிடம் வரை குறும்படம். டிக்கெட் கொடுத்து வருகிறவர் இடைவேளையோடு கூடிய படத்தைத்தான் எதிர்பார்ப்பார். 50 நிமிடப் படத்துக்குத் திரைப்பட விழா, யூடியூப், பள்ளித் திரையிடல் இவை நல்ல வழிகள். நேரத்தைக் கூட்டுவதற்காக நீட்டாதீர்கள். இப்படி இழுத்த படங்கள் இரண்டு பக்கமும் போகாமல் நின்றுவிடும்.

அவுட்ரைட், எம்.ஜி., அட்வான்ஸ், டிஸ்ட்ரிபியூஷன்... இதுல எங்களுக்கு எது?

அவுட்ரைட் என்றால் ஒரு தொகை கொடுத்து அந்த ஏரியாவை வாங்கிவிடுவார், அதன் பின் லாபமும் நஷ்டமும் அவருடையது. எம்.ஜி. என்பது மினிமம் கியாரண்டி. அவர் கொடுத்த தொகை திரும்பிப் போகாது, அந்தத் தொகையும் அவர் செலவும் கமிஷனும் எடுத்தபின் மிஞ்சினால் உங்களுக்குப் பங்கு. அட்வான்ஸ் என்றால், வசூலில் எடுக்க முடியாத பணத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூஷன் முறையில் அவர் பணம் எதுவும் போடுவதில்லை, வேலைக்குக் கமிஷன் எடுப்பார்.

ஸ்டார் இல்லாத மாணவர் படத்துக்கு நடைமுறையில் கிடைப்பது டிஸ்ட்ரிபியூஷன்தான். அதில் அவமானம் ஒன்றுமில்லை. நான் பயப்படுவது அட்வான்ஸைப் பார்த்துத்தான். கையில் மூன்று லட்சம் வந்ததும் எல்லோரும் கடனை அடைத்துவிடுவார்கள். படம் ஓடவில்லை என்றால் அந்தப் பணம் கடனாகத் திரும்பி வரும். அட்வான்ஸ் வாங்கினால், 'திருப்பித் தரத் தேவையில்லை' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெயரில் மட்டும் அட்வான்ஸ், உள்ளே எம்.ஜி.

'ரிலீஸ் பண்ணித் தர்றேன், ஆனா பப்ளிசிட்டி, க்யூப் செலவெல்லாம் நீங்க போடணும்'னு ஒருத்தர் சொல்றார். ஏமாத்துறாரா?

அப்படிச் சொன்னதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். சின்னப் படங்கள் பலவும் இப்படித்தான் வெளியாகின்றன. ஆனால் செலவும் அபாயமும் உங்களுடையது என்றால் அவருடைய கமிஷன் குறைவாக இருக்க வேண்டும், உரிமை உங்களிடமே இருக்க வேண்டும்.

மொத்தமாக ஒரு தொகையை அவர் கையில் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் கட்டணத்தை உங்கள் பெயரில் பில் போட்டு நேராகக் கட்டுங்கள். போஸ்டரை நீங்களே அச்சகத்தில் அடித்து எண்ணி ஒப்படையுங்கள். இதற்கு ஒப்புக்கொள்கிறவர் வேலை செய்யப்போகிறவர். 'எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன், பணத்தை மட்டும் போட்டு விடுங்க' என்று இதை மறுப்பவரிடமிருந்து விலகுங்கள்.

ஆள் நம்பகமானவரான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?

அவர் வெளியிட்ட படங்களில் ஓடாத படங்களின் தயாரிப்பாளர்களிடம் பேசுங்கள். ஓடிய படத்தில் எல்லோருக்கும் பணம் கிடைத்திருக்கும், எல்லோரும் நல்லவராகவே தெரிவார். ஓடாத படத்துக்கு இரண்டாம் வாரம் ஃபோன் எடுத்தாரா, கணக்குக் கொடுத்தாரா என்பதில்தான் ஆளின் குணம் தெரியும்.

இன்னொன்றை நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அவர் இப்போது வெளியிட்டிருக்கும் சின்னப் படம் ஒன்றை டிக்கெட் ஆப்பில் திறந்து, வெள்ளிக்கிழமை எத்தனை ஷோ, எந்த நேரம், திங்கட்கிழமை எத்தனை மிச்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரைச் சந்திக்கும்போது அந்தப் படத்துக்கு எத்தனை தியேட்டர் போட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் கையில் இருப்பதும் ஒத்துப்போனால் மேலே பேசலாம். பழைய படம் ஒன்றின் டி.சி.ஆரைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் படத்தை முழுசாகப் பார்த்தாரா என்பதும் முக்கியம். லிங்க் அனுப்பினால் எத்தனை நிமிடம் ஓடியது என்று சில தளங்கள் காட்டும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'சூப்பர் படம் தம்பி' என்று சொல்கிறவர், தியேட்டர்காரரிடம் உங்கள் படத்தைப் பற்றி என்ன சொல்லி ஷோ கேட்பார்?

வசூல்ல எங்களுக்கு எவ்வளவு வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். டிக்கெட் விற்றது 2,00,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்). உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. எல்லாம் போய் 1,70,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் தியேட்டரோடு பாதிப் பாதி என்று பேசியிருந்தால் படத்தின் ஷேர் 85,000. டிஜிட்டல் கட்டணமும் போஸ்டரும் சேர்ந்து 60,000. கமிஷன் 15 சதவீதம்.

இப்போது கவனியுங்கள். கமிஷனை ஷேரின் மேல் கணக்கிட்டால் 12,750 போய் உங்களுக்கு 12,250. செலவு போக மிஞ்சிய 25,000-ன் மேல் கணக்கிட்டால் 3,750 போய் உங்களுக்கு 21,250. சதவீதம் ஒன்றுதான், உங்கள் பணம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. 'கமிஷன் எத்தனை சதவீதம்' என்று மட்டும் கேட்காமல், 'எதன் மேல்' என்று கேட்டு அதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். செலவுக்கு உச்சவரம்பும் வேண்டும். அதைத் தாண்டினால் உங்களிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

எப்ப ரிலீஸ் பண்ணச் சொல்லலாம்?

மார்ச், ஏப்ரல் வேண்டாம். பொதுத்தேர்வு நேரத்தில் உங்கள் பார்வையாளர்கள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள். பொங்கலும் தீபாவளியும் பெரிய படங்களுக்குப் போய்விடும். ஸ்கிரீன் காலியாக இருக்கிறது என்பதற்காக விநியோகஸ்தர் தேதி சொன்னால், அந்த வாரம் பள்ளி கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த நாட்காட்டி அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல்ல ஃபெஸ்டிவல் அனுப்பட்டுமா, விநியோகஸ்தரைப் பார்க்கட்டுமா?

பெரிய விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதுதான் முதலில். பல விழாக்கள் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும், யூடியூபில் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பதின்வயதுப் படங்களுக்கென்றே பெர்லின் விழாவின் ஜெனரேஷன் பகுதியில் 14பிளஸ் போட்டி இருக்கிறது. இத்தாலியின் ஜிஃபோனி விழாவில் பிள்ளைகளே நடுவர்கள். நமக்குப் பக்கத்தில் கேரள விழாவும் சென்னை விழாவும் இருக்கின்றன. நவம்பரில் கோவாவில் என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் வேவ்ஸ் ஃபிலிம் பஜாரில் வாங்குபவர்களையே நேராகச் சந்திக்கலாம்.

ஆனால் விருது கிடைத்ததும் வியாபாரம் ஓடி வரும் என்று நினைக்காதீர்கள். 'காக்கா முட்டை' 2014 செப்டம்பரில் டொரண்டோவில் திரையிடப்பட்டு, 2015 ஜூன் 5 அன்று ஒரு பெரிய ஸ்டுடியோவின் விநியோகத்தோடு தியேட்டருக்கு வந்தது. 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, ஆனால் பார்வையாளர்களிடம் ஓடிடி வழியாக வந்தது 2023 அக்டோபரில். விழாவுக்குப் பிறகு இப்படி ஒரு காத்திருப்பு வரலாம் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பொறுமை இழந்துதான் பலர் கிடைத்த காகிதத்தில் கையெழுத்திடுகிறார்கள்.

தியேட்டரே வேண்டாம், நேரா ஓடிடி போனா?

தளங்கள் பொதுவாகத் தனி மாணவர்களிடம் நேராக வாங்குவதில்லை, பல படங்களைச் சேர்த்துத் தளங்களுக்குக் கொடுக்கும் அக்ரிகேட்டர் நிறுவனம் ஒன்று நடுவில் இருக்கும். மொத்தத் தொகைக்கு வாங்குவது மாணவர் படத்துக்கு அரிது, பார்த்த நேரத்தின் அளவுக்குப் பணம் என்பதே வழக்கம். அந்தத் தொகை சின்னது என்ற எண்ணத்தோடே போங்கள். தியேட்டர், ஓடிடி இரண்டும் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். தமிழ்ப் படங்களுக்குத் தியேட்டர் தரப்பில் பொதுவாகக் குறைந்தது 4 வார இடைவெளி எதிர்பார்ப்பார்கள்.

அக்ரிகேட்டர் ஒப்பந்தத்தில் யூடியூப் உரிமையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் உங்கள் சேனலில் நீங்கள் போட்ட டிரெய்லருக்கே காப்புரிமைப் புகார் வரும்.

ஒப்பந்தத்துல எதையெல்லாம் பார்க்கணும்?

எந்த உரிமை, எந்த இடம், எத்தனை காலம். இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். தியேட்டர் விநியோகஸ்தருக்குத் தியேட்டர் உரிமை மட்டும். டிவி, ஓடிடி, டப்பிங், ரீமேக், வெளிநாடு எதுவும் அதில் வரக்கூடாது. 'மற்றும் தொடர்புடைய அனைத்து உரிமைகளும்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், அதை அடித்துவிடுங்கள். காலம் ஓராண்டு என்றால் எந்தத் தேதியிலிருந்து ஓராண்டு என்று இருக்க வேண்டும். 'வெளியீட்டுத் தேதியிலிருந்து' என்று மட்டும் போட்டால், வெளியிடாதவரை காலமே ஓடாது. அதனால் இந்தத் தேதிக்குள் வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரி அவசியம்.

எத்தனை தியேட்டர், குறைந்தது எத்தனை நாள் என்று எழுதச் சொல்லுங்கள். கணக்கு எந்தத் தேதியில் வரும், கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதும் வேண்டும். உங்களைக் கேட்காமல் படத்தை வெட்டக்கூடாது, வேறொருவருக்குக் கைமாற்றக்கூடாது என்றும் இருக்க வேண்டும். வழக்கு எந்த ஊரில் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். தஞ்சாவூர் மாணவர் மும்பை நீதிமன்றத்துக்கு அலைய முடியாது.

அவரிடம் கொடுப்பது திரையிடலுக்கான கோப்பும் விளம்பரப் பொருட்களும் மட்டும். ரா ஃபுட்டேஜ், எடிட்டிங் புராஜெக்ட், மாஸ்டர் கோப்பு உங்களிடமே இருக்கட்டும், இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில்.

'நெகட்டிவ் ரைட்ஸ் வாங்கிக்கறேன், நல்ல தொகை தர்றேன்'னு ஒருத்தர் வந்திருக்கார். கொடுத்திடலாமா?

படச்சுருள் காலத்துப் பேச்சு இது, அர்த்தம் இன்றும் அதேதான். நெகட்டிவ் ரைட்ஸ் கொடுத்தால் படமே அவருடையது. மேலே சொன்ன எல்லா உரிமைகளும், இனி வரப்போகும் எல்லாப் பணமும் போய்விடும். இந்தியாவில் திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இருபது வயதில் எடுத்த படத்தின் உரிமையை எண்பது வயது வரைக்கும் விட்டுக் கொடுக்கிறீர்கள்.

கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் கொடுப்பதில் தவறில்லை, அது உங்கள் குடும்ப முடிவு. அப்படியும், விழாக்களில் காட்டவும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ மாதிரியாகப் பயன்படுத்தவும் உங்களுக்கு அனுமதி உண்டு என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

படத்துல ஹீரோ பஸ்ல போறப்ப ஒரு பழைய இளையராஜா பாட்டு ஓடுது. பின்னாடி சும்மா கேக்கும். பரவாயில்லையா?

எடுத்துவிடுங்கள், அல்லது உரிமை வாங்குங்கள். பத்து விநாடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பதிவான ஒலிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கும் வரிக்கும் தனி உரிமை. நண்பன் கிடாரில் வாசித்தாலும் இரண்டாவது உரிமை தேவை. ஒப்பந்தத்தில் 'எல்லா அனுமதியும் பெற்றுள்ளேன், வழக்கு வந்தால் என் செலவு' என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதன் பிறகு வரும் நோட்டீஸ் விநியோகஸ்தரைத் தாண்டி நேராக உங்களிடம் வரும். உங்கள் வகுப்பு நண்பர் போட்ட புதுப் பாட்டை அந்த பஸ்ஸில் ஓட விடுங்கள்.

12 வயசுப் பசங்க நடிச்சிருக்காங்க. கலெக்டர் பர்மிஷன் எதுவும் வாங்கலை. விநியோகஸ்தர்கிட்ட சொல்லணுமா?

சொல்ல வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளைகள் நடிக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தப் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும் என்பவையும் அதில் உண்டு. இந்த விதிகள் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவை. நாமே பிள்ளைகளின் கதையை எடுக்கிறோம், நாமே அதை விட்டுவிடக் கூடாது.

முடிந்த படப்பிடிப்புக்குப் பின்தேதியிட்டு அனுமதி வாங்கும் வழியைத் தேடாதீர்கள். பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் எடுத்தீர்கள் என்ற கால்ஷீட் விவரம், கொடுத்த பணத்தின் ரசீது எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். போன பதிலில் சொன்ன 'எல்லா அனுமதியும் பெற்றுள்ளேன்' என்ற வரியில் இதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் சின்னச் சிக்கல் பெரிய சிக்கலாகும்.

பள்ளிகள்ல நேரா திரையிடலாமா? விநியோகஸ்தர் ஒத்துப்பாரா?

டீன் படத்துக்கு நான் மிகவும் நம்பும் வழி இதுதான். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் 300 பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள், முடிந்ததும் உங்களோடு பேசுவார்கள். சான்றிதழ் கையில் இருக்கட்டும், அதைத்தான் பள்ளி முதலில் கேட்கும். ஒப்பந்தத்தில் 'கல்வி நிறுவனங்கள், ஃபிலிம் சொசைட்டிகள், நூலகங்களில் திரையிடும் உரிமை தயாரிப்பாளருக்கே' என்று எழுதி வாங்குங்கள். தியேட்டர் விநியோகஸ்தர்கள் பலருக்கு இதில் ஆர்வமே இல்லை, சுலபமாக விட்டுக்கொடுப்பார்கள். தியேட்டரில் ஓடும் இரண்டு வாரத்துக்கு மட்டும் அதே ஊரில் பள்ளிக் காட்சி வேண்டாம் என்று அவர் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. படத்தை வெளியிடவும் இல்லை, ஃபோனும் எடுக்கலை. மாட்டிக்கிட்டோமா?

ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்கு மூன்று விதத்தில் உதவலாம். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அப்படி 'வேறு மாதிரி' எழுதும் வரி ஏதாவது உங்கள் காகிதத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. 19-ஆம் பிரிவு பொருந்தாது என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள், கவனமாகத் தேடுங்கள்.

அப்படி வரி இல்லை என்றால் வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாங்கிய அட்வான்ஸ் இருந்தால் அதை எப்படித் தீர்ப்பீர்கள் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். எழுத்தில் விடுதலைக் கடிதம் வாங்கிய பிறகே அடுத்தவரிடம் பேசுங்கள். பழைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது புதிதாகக் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ரெண்டு பேர் கேக்கறாங்க. ஒருத்தர் பெரிய நிறுவனம், ஆனா அவங்க லிஸ்ட்ல நாங்க கடைசிப் படம். இன்னொருத்தர் எங்க ஏரியாவுல மட்டும் ஆறு தியேட்டர் போடறேங்கிறார். யாரு?

பெரிய நிறுவனம் வெளியீட்டுத் தேதியையும் தியேட்டர் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கே கொடுங்கள், அவர்கள் பேச்சுக்குத் தியேட்டரில் இருக்கும் மரியாதை பெரியது. 'அதெல்லாம் மார்க்கெட்டைப் பார்த்துச் சொல்றோம்' என்றால் அந்த ஆறு தியேட்டர்காரரிடம் அவர் ஏரியாவை மட்டும், ஆறு மாதத்துக்கு, தியேட்டர் உரிமை மட்டும் கொடுங்கள். மீதி ஏரியாக்கள் உங்களிடமே இருக்கும். அந்த ஆறு தியேட்டரின் டி.சி.ஆரை எடுத்துக்கொண்டு பெரிய நிறுவனத்திடம் திரும்பவும் போகலாம்.